பனி இல்லாமலேயே வழுக்கிய பெருமைக்கு ஒரு பாராட்டு மடல்

பெறுநர்: தலைமை இயக்குநர், சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.), புதுதில்லி.

பொருள்: உறைபனியின் உதவியின்றி விமானங்கள் ஓடுபாதையைத் தாண்டுவது தொடர்பாக.

மகா கனம் பொருந்திய ஐயா,

ஜவ்வாது மலைவாசிகள் பணிந்து எழுதிக்கொள்வது. இவர்களுக்கு விமான நிலையம் கிடையாது. காவலூர் தொலைநோக்கி இங்கே இருப்பதால் வானத்தோடு கொஞ்சம் பழக்கம், அவ்வளவுதான். மார்கழியில் மூடுபனி உண்டு; உறைபனி மூடிய ஓடுபாதையைச் செய்தியில் பார்த்ததோடு சரி.

அமெரிக்கர்கள் பாவம். 2005 டிசம்பர் 8 அன்று சிகாகோ மிட்வேயில் சவுத்வெஸ்ட் விமானம் ஒன்று வேலியை உடைத்துச் சாலைக்கு வர, அவர்களுக்குக் கொட்டும் பனி தேவைப்பட்டது. காரில் இருந்த ஆறு வயதுச் சிறுவன் இறந்தான். அந்த ஒரு சாவுக்குப் பதறி, மிட்வே ஓடுபாதை முனைகளில் நொறுங்கும் கான்கிரீட் படுக்கை போட்டார்கள். சக்கரம் அதில் புதைந்தால் விமானம் நின்றுவிடும். 2016-ல் துணை அதிபர் வேட்பாளர் மைக் பென்ஸ் வந்த விமானம் நியூயார்க்கில் அப்படித்தான் நின்றது.

நமக்குப் பனி எதற்கு? 2010 மே 22 அன்று மங்களூரில் ஓடுபாதை காய்ந்துதான் கிடந்தது. விமானம் அதைத் தாண்டியது; 158 பேர் மாண்டார்கள்.

அடுத்தது கோழிக்கோடு, 2020 ஆகஸ்ட் 7. கொட்டும் மழை, பின்னாலிருந்து தள்ளும் காற்று, முதல் முயற்சியிலேயே நின்றுபோன கேப்டன் பக்கத்து வைப்பர். பாதி ஓடுபாதை கடந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. 190 பேரோடு விமானம் மேட்டிலிருந்து பள்ளத்தில் விழுந்தது. விமானிகள் இருவரையும் சேர்த்து 21 பேர் பலி. விமானி நடைமுறையை மீறினார் என்றது விசாரணை அறிக்கை. மீறினார்தான். அமைப்புரீதியான குறைகளும் துணைக் காரணம் என்று அதே அறிக்கை எழுதியதை மட்டும் யாரும் உரக்கப் படிப்பதில்லை.

இதில் மலைவாசிகள் வியப்பது வேறொன்றை. மழையில், பின்காற்றோடு அங்கே 10-ஆம் ஓடுபாதையில் இறங்குவது உயிருக்கு ஆபத்து என்று விமானப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு உறுப்பினர் கேப்டன் மோகன் ரங்கநாதன் 2011-லேயே கடிதம் எழுதினார். ஒன்பது ஆண்டு கழித்து விமானம் இறங்கியது அதே ஓடுபாதையில், அதே மழையில், அதே பின்காற்றில். 2019 ஜூலையில் தாங்களே அந்த விமான நிலைய இயக்குநருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினீர்கள்: விரிசல், தேங்கும் தண்ணீர், அளவுக்கு மீறிய ரப்பர் படிவு. ரப்பரும் தண்ணீரும் சேர்ந்தால் உறைபனிக்கு உடன்பிறப்பு என்பது தாங்கள் அறியாததா?

2021 நவம்பர் முதல் உலகமெங்கும் ஓடுபாதையின் பிடிமானத்துக்கு 0 முதல் 6 வரை மதிப்பெண் போடுகிறார்கள். காய்ந்த தரைக்கு 6, ஈரமான உறைபனிக்கு 0. அந்த அளவுகோலை அரசு அலுவலக மேசைகளுக்கும் நீட்டிக்கும்படி மலைவாசிகள் கேட்டுக்கொள்கிறார்கள். எங்கும் நிற்காமல் ஒன்பது ஆண்டு சறுக்கிய கடிதத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று முதலில் அறிவிக்கவும். கூடவே, மேட்டின்மேல் அமைந்த ஓடுபாதை ஒவ்வொன்றுக்கும் வந்திருக்கும் எச்சரிக்கைகளையும் அவற்றின் மேல் எடுத்த நடவடிக்கையையும், பயணி டிக்கெட் வாங்கும் முன் பார்க்கும்படி வெளியிடவும்.

பதிலைத் திருவண்ணாமலை மாவட்டம், ஜமுனாமரத்தூருக்கு அனுப்பலாம்.