விட்டம் பார்ப்பவர்

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தி.நகரில் எந்தப் பெரிய ஜவுளிக்கடைக்குள் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். பெண்கள் உள்ளாடைப் பிரிவில், இரண்டு கையிலும் கட்டைப்பைகளோடு, அண்ணாந்து நிற்பார். மேலே ஒரு ஏசி துவாரமும் கண்காணிப்புக் கேமராவும் தவிர எதுவும் இல்லை. ஆனாலும் கட்டடத்தையே விலைபேச வந்தவர் மாதிரி அவற்றை ஆராய்ந்துகொண்டிருப்பார்.

பாவம், வேறு என்ன செய்வார்? கண்ணைக் கொஞ்சம் இறக்கினால், லேஸ் வைத்த உள்ளாடையில் ஆளுயரப் படமாக ஒரு வெள்ளைக்காரப் பெண் அவரையே பார்த்துச் சிரிக்கிறாள். இடது பக்கம் தலையில்லாத பொம்மைகள். வலது பக்கம் தெரு முனைவீட்டு டீச்சரம்மா, கையில் ஒரு பெட்டியோடு. டீச்சரம்மாவும் இவரைப் பார்த்துவிட்டார். இருவரும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வதுதான் அந்தத் தளத்தின் எழுதப்படாத ஒப்பந்தம்.

விட்டம் பார்ப்பவர் எதையும் பார்க்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். எட்டாவது படிக்கும் மகன் அந்தப் பக்கம் லேசாகத் திரும்பியதும், "அங்க என்னடா பார்வை?" என்று அதட்டல் விழும். "எங்கப்பா?" என்று பையன் அப்பாவியாகக் கேட்டால் பதில் வராது. இடம் தெரியாமலா அதட்டியிருப்பார்?

அந்தத் தளத்தில் அந்தப் படத்தை நிஜமாகவே பார்க்காத ஆள் அவருடைய மனைவிதான். அம்மணிக்கு அந்தச் சுவரில் படம் இருப்பதே தெரியாது. பட்டையை இழுத்துப் பார்க்கிறார், கொக்கியை மாட்டிக் கழற்றுகிறார், பெட்டியைக் கவிழ்த்து விலை தேடுகிறார். "போன தடவை வாங்கினது ரெண்டே மாசத்துல தொளதொளன்னு ஆயிடுச்சேம்மா. இதாவது நிக்குமா?" எவ்வளவு செலவழித்து எடுத்த படமோ! இந்தக் கேள்விக்கு அந்தச் சிரிப்பில் பதில் இல்லை.

அடுத்து ஆண்கள் பிரிவு. இங்கே நம்மவர் நிமிர்ந்து நடப்பார் என்று எதிர்பார்ப்போம். ஆனால் இங்கே வேறு சிக்கல். ஒவ்வொரு ஜட்டிப் பெட்டியிலும் வயிற்றில் ஆறு கட்டு வைத்த இளைஞன் ஒருவன் யாரையோ முறைத்தபடி நிற்கிறான். அவனைப் பார்த்ததும் நம்மவர் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்து வயிற்றை எக்குகிறார். அரை நிமிடம் தாக்குப்பிடிக்கும். விளம்பரக்காரர்கள் சாதித்தது அந்த அரை நிமிடம்தான்.

"சார், என்ன சைஸ்?" என்று கேட்கிறது விற்பனைப் பெண்.

இரகசியக் குரலில், "தொண்ணூறு."

அந்தப் பெண் ஸ்டாக் ரூம் பக்கம் திரும்பி, தளமே அதிரக் குரல் கொடுக்கிறது: "அண்ணே, தொண்ணூறுல டிரங்க் அரை டஜன் எடுங்க!"

எங்கிருந்தோ மனைவி வந்து சேர்கிறார். "தொண்ணூறா? அது கல்யாணத்தப்போ. நீ நூறு எடும்மா."

பல வீடுகளில் ஆண்களின் உள்ளாடையைத் தேர்ந்தெடுப்பவர் மனைவிதான். அப்படியிருக்க, அந்த ஆறு கட்டு இளைஞன் யாரை மயக்கப் பெட்டியில் நிற்கிறான் என்பது எனக்கு விளங்காத விஷயம். கணவருக்கு அவனைப் பார்த்தால் கூச்சம். மனைவியோ அவனைக் கவிழ்த்துப் போட்டு எலாஸ்டிக்கை இழுக்கிறார்.

வீட்டுக்கு வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்ததும் விட்டம் பார்ப்பவருக்கு வாய் திறக்கும். நாடு எங்கே போகிறது என்று தொடங்குவார். ஆற்றங்கரையில் ஜட்டி துவைக்கும் பெண்ணைக் காட்டிய விளம்பரத்தை 2007இல் மத்திய அரசு தடை செய்தது அவருக்கு மனப்பாடம். கடை வாசலில் பொம்மைகளுக்கு உள்ளாடை மாட்டி நிறுத்தக் கூடாது என்று 2013இல் மும்பை மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டதும் தெரியும். "போட்டாங்களா இல்லையா?" என்பார். போட்டார்கள். பொம்மைகள்தான் தீர்மானத்தைப் படிக்கவில்லை.

இத்தனை ஆவேசமும் பெண் படத்தின் மீதுதான். பனியன்கூட இல்லாமல் நிற்கும் அந்த இளைஞனைப் பற்றி ஒரு வார்த்தை வராது. சட்டமும் அப்படித்தான்: 1986ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களை அநாகரிகமாகச் சித்தரிப்பதைத் தடுக்கிறது, ஆணைப் பற்றிப் பேச்சில்லை. பெண்ணைக் காட்டிப் பொருள் விற்பதில் பெண்ணுக்கு நேரும் சிறுமை பெரிது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நம்மவருடைய கோபம் அந்தக் கணக்கில் வராது. டீச்சரம்மா பார்த்துவிட்டாரே என்கிற கோபம் அது.

திருப்பூர் காதர்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள். ஏற்றுமதியில் மிஞ்சிய பனியனையும் ஜட்டியையும் குவித்துப் போட்டு விற்கிறார்கள். ஆறு கட்டும் இல்லை, லேஸ் சிரிப்பும் இல்லை. குவியலுக்குள் கையை விட்டு, தையலைப் பார்த்து, அள்ளிக்கொண்டு போகிறது சனம். நம் விட்டம் பார்ப்பவரும் அங்கே குனிந்து நின்று வெட்கமில்லாமல் பேரம் பேசுவார்.

ஆகவே உள்ளாடை முதலாளிகளே, எங்களுக்கு வேண்டியது அளவும் விலையும், துவைத்தால் நிற்குமா என்கிற உறுதியும். அந்தத் தம்பிக்குச் சட்டை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் அளவைக் கொட்டை எழுத்தில் அச்சடியுங்கள். நூறை மட்டும் கொஞ்சம் பொடி எழுத்தில்.