அமெரிக்க அஞ்சற்குறை: ஓர் இலக்கண ஆய்வு

செய்யுளில் ஒரு சொல் எழுத்தை இழந்தால், அதை முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை என மூன்றாக வகுப்பது நம் மரபு. அமெரிக்க அஞ்சல் துறை 1963இல் தன் மாநிலப் பெயர்களை வெட்டியதும் இம்மூன்றில் அடங்குமா என்று ஆராய்வதே இக்கட்டுரை. இத்துறையில் போட்டியாளர் இல்லாதது ஆய்வாளருக்கு வசதி.

வரலாறு: அவ்வாண்டு ஜூலையில் ஐந்திலக்க ஜிப் எண் வந்தது. முகவரி அச்சிடும் இயந்திரங்கள் பலவற்றில் ஒரு வரிக்கு 23 எழுத்திடங்களே இருந்தன. ஊர், மாநிலம், எண் மூன்றும் அதற்குள் அடங்கியாக வேண்டும். அக்டோபரில், பதின்மூன்று எழுத்து மாசசூசெட்ஸ் முதல் நாலெழுத்து ஒஹாயோ வரை எல்லாம் ஈரெழுத்தாயின.

கடைக்குறை: முதலிரண்டு எழுத்து நிற்க, மற்றவை கெடுவது. கலிபோர்னியா சி.ஏ., ஒஹாயோ ஓ.எச். சிக்கல், எம்.ஐ. என்று தொடங்கும் மாநிலங்கள் நான்கு: மிச்சிகன், மினசோட்டா, மிசிசிப்பி, மிசூரி. பட்டா மிச்சிகனுக்குக் கிடைத்தது. மிசூரி நகர்ந்து எம்.ஓ.வில் குடியேற, அவ்விரு எழுத்தில் தொடங்கும் மொன்டானா இடம்பெயர்ந்தது.

இடைக்குறை: தலையும் வாலும் நிற்க, நடு கெடுவது. ஜார்ஜியா ஜி.ஏ., அயோவா ஐ.ஏ.

முதற்குறை: ஐம்பது மாநிலங்களில் ஒன்றுகூட இல்லை. எதை இழந்தாலும் தலையெழுத்தை யாரும் இழக்கவில்லை. விதிவிலக்குக்குப் பசிபிக் கடலைத் தாண்ட வேண்டும். வட மரியானா தீவுகளுக்கு எம்.பி.; 'என்' கெட்டது, ஆங்கிலப் பெயரில் எங்குமே இல்லாத 'பி' தோன்றியது. தனிநாடான பின்னும் இப்பட்டியலில் நீடிக்கும் பலாவுக்குப் பி.டபிள்யூ.; ஈற்று 'யூ' இரட்டித்து 'டபிள்யூ'வாகத் திரிந்தது. தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றுக்கும் சான்று கிடைத்ததில் ஆய்வாளருக்கு மகிழ்ச்சி.

அண்டை வீட்டார் புகாரால் திரிவதும் உண்டு. நெப்ராஸ்காவின் என்.பி. தங்கள் நியூ பிரன்ஸ்விக்கோடு குழம்புகிறது என்று கனடா அஞ்சல் துறை கேட்டுக்கொள்ள, 1969இல் அது என்.இ. ஆயிற்று. இதற்கு நூற்பா இனிமேல்தான் எழுத வேண்டும்.

முடிவுரை: 90210 என்றாலே கலிபோர்னியாதான். பெரும்பாலும் எண்ணே மாநிலத்தையும் சொல்லிவிடுகிறது. அதாவது, எண்ணுக்கு இடம்விட ஒடுங்கிய பெயருக்கு, எண் வந்து உட்கார்ந்ததும் வேலை இல்லாமல் போயிற்று. ஆகவே 'முழுக்குறை' என்னும் நான்காம் வகையை இவ்வாய்வு முன்மொழிகிறது: மாநிலத்தை எழுதவே வேண்டாம். கடிதம் சரியாகப் போய்ச் சேரும். எந்த மாநிலத்துக்குப் போனது என்பது போட்டவருக்குத்தான் தெரியாது.