கேமரா யார் பக்கம்?

● மாக்யுமென்டரி என்றால் என்ன? என் தாத்தாவுக்குப் புரியும்படி சொல்லுங்கள்.
— செடெனாக்

நடக்காத ஒன்றை, பேட்டியும் பழைய புகைப்படமும் வைத்து நடந்ததாகவே காட்டும் படம். 1957 ஏப்ரல் 1 அன்று, சுவிட்சர்லாந்தில் மரத்திலிருந்து ஸ்பெகட்டி பறிக்கிறார்கள் என்று பிபிசி செய்திப்படம் காட்டியது. அந்த மரத்தை எப்படி வளர்ப்பது என்று போன் போட்டுக் கேட்டவர்கள் உண்டு. தாத்தாவிடம் இதைச் சொல்லுங்கள், போதும்.

● நாங்கள் நாலு நண்பர்கள், பத்து நிமிட மாக்யுமென்டரி எடுக்கிறோம். நாயகனுக்கு மனநோய். சிரிப்பும் வர வேண்டும். எப்படி?
— தாமான் புத்ரி, கூலாய்

முதலில் 'செலிக்' பாருங்கள். 1983இல் உட்டி ஆலன் எடுத்தது. பக்கத்தில் யார் நின்றாலும் அவராகவே மாறிவிடும் ஒருவன். தன்னை ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம்தான் அவன் நோய். சூசன் சொன்டாக், சால் பெல்லோ என நிஜ அறிஞர்களே வந்து, கறாரான முகத்தோடு அவனைப் பற்றிப் பேசுகிறார்கள். அவனை விளக்க வருகிறவர்களைப் பார்த்துத்தான் நமக்குச் சிரிப்பு.

நம் ஊரில் விளக்குகிறவர்களுக்கா பஞ்சம்? பெரியப்பா 'காத்து கருப்பு' என்பார். எதிர்வீட்டு அக்கா 'கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்' என்பார். பழைய முதலாளி 'சோம்பேறி' என்று ஒரே வார்த்தையில் முடிப்பார். மூவரும் துளி சந்தேகமில்லாமல் பேசட்டும். யாரும் சிரிக்க வைக்க முயலக் கூடாது. கடைசி மூன்று நிமிடம் உங்கள் நாயகனுக்கு. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கமில்லாமல் பாத்திரம் கழுவுகிறான். கேமரா வாயை மூடிக்கொண்டு பார்க்கட்டும்.

● 'அந்நியன்' மாதிரி மூன்று ஆளாக மாறினால் விறுவிறுப்பாக இருக்குமே?
— செனாய்

விறுவிறுப்புக்காக நோயை மாற்றாதீர்கள். 2005இல் ஷங்கர் காட்டியது பன்முக ஆளுமைக் கோளாறு. பலரும் அதையே மனச்சிதைவு என்று குழப்பிக்கொள்கிறார்கள். மனச்சிதைவில் ஆள் இரண்டாகப் பிரிவதில்லை. இல்லாத குரல் கேட்கும், காரணமில்லாத சந்தேகம் வரும், சிலர் பேச்சையே நிறுத்திவிடுவார்கள். உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இது உண்டு. உங்கள் பள்ளியில் படித்தவர்களிலும் ஒருவர் இருந்திருக்கலாம்.

● 'இவனைத் தம்போய்க்கு அனுப்புங்க' என்று ஒரு வசனம். கைதட்டல் நிச்சயம். வைக்கலாமா?
— கெலாப்பா சாவிட்

ஜொகூரில் வளர்ந்த யாருக்கும் அது பழகிய வசனம். பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தானைச் சொல்வார்கள். தம்போயில் இருக்கும் மனநல மருத்துவமனையின் பெயர் பெர்மாய். மலாயில் எழில் என்று பொருள். இந்த ஒரு வசனத்துக்குப் பயந்து, பிள்ளையை அங்கே கூட்டிப்போகாமல் அறைக்குள் வைத்திருக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். வசனம் இருக்கட்டும். அடுத்த ஷாட்டில், அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் அவன் அம்மாவின் முகத்தை வையுங்கள். தட்ட எடுத்த கை அப்படியே நிற்கும்.

● கோப்பிக் கடையில் தனக்குத்தானே பேசும் ஒருவரைத் தெரியாமல் படம் பிடித்துச் சேர்க்கலாமா?
— கூலாய்

கூடாது. அவர் நடிகர் இல்லை. அவருக்குக் கோப்பி வாங்கிக் கொடுங்கள், கைப்பேசி பையிலேயே இருக்கட்டும்.

● கடைசியில் நாயகன் தற்கொலைக்கு முயல, போலீஸ் வழக்குப் போடுவதாக முடிக்கிறோம். சரிதானே?
— தாமான் புத்ரி, கூலாய்

சட்டம் மாறிவிட்டது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவை நம் மலேசிய நாடாளுமன்றம் 2023இல் நீக்கியது. முயற்சியை எப்படிச் செய்தான் என்றும் காட்ட வேண்டாம்; பார்ப்பவர்களில் அதே நிலையில் ஒருவர் இருக்கக்கூடும். சுகாதார அமைச்சின் 15555 உதவி எண்ணைப் படத்தின் முடிவில் போடுங்கள். கடைசிக் காட்சியில் போலீஸ் வண்டி வேண்டாம். காரின் பின்சீட்டில் அவனும் அம்மாவும். சன்னலுக்கு வெளியே தம்போய் என்ற பெயர்ப்பலகை. அவள் கை அவன் கைமேல்.