சதுர அடி ஜமீன்தார்

புகை மணக்கும் சிங்கிள் மால்ட்டின் ரசிகர் குடிக்க மாட்டார், முகர்வார். வாய் குறுகிய கோப்பையில் அடியை மட்டும் நனைத்திருக்கும் விஸ்கியைச் சுழற்றி, உதட்டை லேசாகப் பிரித்து, மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடுவார். சுற்றியிருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட வேண்டும். வெகுநேரம் கழித்து ஒரு சொல் வரும்: "ஆஸ்பத்திரி."

இது பாராட்டு. தொடர்ந்து அயோடின், கட்டுத்துணி, தார் பூசிய கயிறு, கரையொதுங்கிய கடற்பாசி, மழையில் அணைந்த கொள்ளி என்று பட்டியல் நீளும். இதில் ஏதாவது ஒன்று ஓட்டல் சூப்பில் மணத்திருந்தால் மேலாளரைக் கூப்பிட்டிருப்பார். விஸ்கியில் மணப்பதால் இன்னொரு புட்டி வாங்குகிறார்.

ஜெர்மனி, ஸ்வீடன், ஜப்பான் என்று பல நாடுகளிலும் இந்த இனம் உண்டு. நான் அறிந்தவர் கிளாஸ்கோவில் கணினி வேலை பார்க்கும் நம்மூர்க்காரர். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஐலா தீவுதான் இவருக்குக் காசி. மரம் குறைந்த, சதுப்பு மிகுந்த தீவு. முளைகட்டிய பார்லியை உலர்த்த விறகுக்கு எங்கே போவது? சதுப்பில் காலகாலமாக மக்கிக் கிடந்த பாசியையும் புல்லையும் வெட்டிக் காயவைத்து எரித்தார்கள். பீட் எனப்படும் அதன் புகை பார்லியில் ஏறிக்கொண்டது. விறகில்லாத ஊரின் தட்டுப்பாட்டுக்கு இன்று நம்மவர் சம்பளத்தில் ஒரு பங்கு போகிறது.

புகையை எண்ணால் அளப்பார். பார்லியில் பத்து லட்சத்துக்கு எத்தனை பங்கு ஃபீனால் என்பது கணக்கு. போமோர் என்ற விஸ்கி சுமார் 25 என்றால், "கத்துக்குட்டிகளுக்கு" என்பார். ஆர்ட்பெக் 55 என்றதும் நிமிர்ந்து உட்காருவார். பெரும்பாலும் 100ஐத் தாண்டிவிடும் ஆக்டோமோரின் பெயரைச் சொல்லும்போது குரல் தாழும். அந்த எண் சூளையிலிருந்து வந்த பார்லிக்கு உரியது. ஊறலிலும் வடித்தலிலும் நிறையக் கழன்றுவிடும். கோப்பைக்கு வருவது அதைவிடக் குறைவு. இதை யாராவது அவரிடம் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன், அவர் வீட்டில்தான் எனக்கு ராச்சாப்பாடு.

புகையோடு ஷெர்ரி ஒயின் பீப்பாயும் சேர்ந்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குள் உலர்திராட்சையும் அத்திப்பழமும் ஆரஞ்சுத் தோலும் வந்து சேரும். தெற்கு ஸ்பெயினில், ஹெரெஸ் நகரத்து நிலவறையில், தலைமுறை தலைமுறையாக ஒலரோசோ ஷெர்ரி உறங்கிய பீப்பாய் என்று தழுதழுப்பார். ஷெர்ரி ஒரு காலத்தில் பீப்பாயோடு பிரிட்டனுக்குக் கப்பலேறியது உண்மைதான். காலிப் பீப்பாய்களை விஸ்கிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். 1980களில், ஷெர்ரியை ஸ்பெயினிலேயே புட்டியில் அடைக்க வேண்டும் என்றானபின் அந்த வரத்து நின்றது. இப்போதுள்ளவை பெரும்பாலும் விஸ்கிக்கென்றே செய்த புதுப் பீப்பாய்கள். ஒன்றிரண்டு ஆண்டு ஷெர்ரியை ஊற்றி வைத்து, காலிசெய்து, ஸ்காட்லாந்துக்கு அனுப்புகிறார்கள். வேலை முடிந்த ஷெர்ரி பல நேரம் வினிகராகவோ பிராந்தியாகவோ போய்விடுகிறது. விஸ்கி நன்றாகத்தான் இருக்கிறது, அதில் சண்டையில்லை. கதைக்குத்தான் பீப்பாயைவிட வயது அதிகம்.

நிறத்திலும் அவருக்குச் சந்தேகம். ஸ்காட்ச்சில் கருக்கிய சர்க்கரையின் நிறமியைச் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. ஜெர்மனியில் விற்கும் புட்டியில் அதைச் சொல்லியாக வேண்டும். அதனால், வேறு ஒரு சொல்கூட ஜெர்மன் தெரியாத அவர் அந்த எச்சரிக்கையை மட்டும் எழுத்துக்கூட்டாமல் வாசிப்பார். தண்ணீர் விஷயம் இன்னும் தீவிரம். புகை மணம் தரும் குவாயகால், நீர் கலந்து நீர்க்க நீர்க்க மேற்பரப்புக்கு வருகிறது என்று ஸ்வீடன் வேதியியலர் இருவர் 2017இல் கணினியில் காட்டினார்கள். அதன்பின் இவர் சட்டைப்பையில் பேனா போய் சொட்டுக்குழாய் வந்தது. ஐஸ் கேட்ட மைத்துனரோடு பேச்சுவார்த்தை இல்லை.

இதற்கும் மேலே ஒரு படி உண்டு: நிலவுடைமை. லஃப்ரோய்க் வடிசாலை 1994இல் நண்பர் கழகம் ஒன்று தொடங்கியது. புட்டி வாங்கிப் பதிந்துகொண்டால் ஐலாவில் ஒரு சதுர அடி நிலம், ஆயுளுக்கும். அதற்கு வடிசாலை தரும் ஆண்டு வாடகை ஒரு மடக்கு விஸ்கி. நேரில் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். "ஐலாவில் நமக்குக் கொஞ்சம் நிலம் இருக்கு" என்பார் நம்மவர். எவ்வளவு என்று கேட்டால் காது மந்தமாகிவிடும்.

நிலத்தைப் பார்க்க மனைவியையும் கப்பலேற்றிக் கூட்டிப் போனார். இரவல் ரப்பர் பூட்ஸ், கையில் குட்டித் தேசியக்கொடி, சாரல் மழை. ஈர வயலில் அங்கங்கே பல நாட்டுக் கொடிகள். தேடிக் கண்டுபிடித்துக் கொடியை நட்டு, பக்கத்தில் விறைப்பாக நின்றார்.

"ஏங்க, நான் எங்க நிக்கிறது?"

"பக்கத்து நிலத்துல நில்லு. யாராவது வந்தா பேசிக்கலாம்."

திரும்பி வந்து வாடகையை வாங்கினார். அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறமி இருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தபோது, குளிரில் பல் கிட்டிக்கப் பக்கத்தில் நின்ற மனைவி அதை வாங்கி ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, அடுத்த வருஷ வாடகையை இப்போதே முன்பணமாகத் தருவார்களா என்று கேட்டார்.