படிக்கணக்கர்

சென்னையின் தென்புறத்தில் பரங்கிமலை தொடங்கிப் பல்லாவரம், குரோம்பேட்டை வழியாகத் தாம்பரம் வரை நீளும் புறநகர்ப் பகுதியில், பணி ஓய்வுக்கும் முழங்கால் வலிக்கும் இடைப்பட்ட பருவத்து ஆண்மக்களிடையே தோன்றும் ஒரு வகையினரைப் படிக்கணக்கர் என்று குறிப்பிடலாம். ஊரின் நிலக்கணக்கை எழுதியவர் கணக்குப்பிள்ளை எனப்பட்டதைப் போல, சுற்றுவட்டாரக் குன்றுகளின் படிகளையெல்லாம் எண்ணி மனத்தில் ஏற்றிக்கொண்டு, எந்தக் குன்று எவர் உடம்புக்குத் தாங்கும் என்பதைக் கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் எடுத்துரைப்பவர் இவர். இங்கே படி என்பது நெல் அளக்கும் படியும் அன்று, அகவிலைப்படியும் அன்று. பின்னதன் கணக்கும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம் என்பது வேறு செய்தி.

மலைவழிகளைத் தரம் பிரிப்பது அவர் கண்டுபிடித்த கலை அன்று. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித், மூன்று மைல் தொலைவுக்கு ஒரு மணி நேரம், இரண்டாயிரம் அடி ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம் என்னும் விதியை 1892ஆம் ஆண்டிலேயே வகுத்தார். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டமும் தன் 40 வழிகளை எளிது, மிதம், கடினம் என மூன்றாகப் பிரித்துள்ளது. மருத்துவர்கள் பேச்சுச் சோதனை என்று ஒன்றைச் சொல்வார்கள்: நடக்கும்போது பேச முடிந்து பாட முடியாமற்போனால் அது மிதமான உழைப்பு, பேச்சே தடுமாறினால் கடுமையான உழைப்பு என்பது அதன் சாரம். படிக்கணக்கரிடம் மட்டும் இந்தச் சோதனை செல்லுபடியாவதில்லை, ஏனெனில் மூச்சு முட்டத் தொடங்கும் கணத்தில் அவர் நடையை நிறுத்துவாரேயன்றிப் பேச்சை நிறுத்தமாட்டார். அப்படி நிற்கும் இடங்களில்தான் வரலாறு பிறக்கிறது.

பரங்கிமலை ஏறத்தாழ முந்நூறு அடி உயரமுள்ள குன்று. நெய்ஸ்மித் கணக்கில் அதன் ஏற்றத்துக்கு ஒன்பது நிமிடம் போதும். படிக்கணக்கரும் புதிதாகக் குடிவந்த அடுக்குமாடிவாசியிடம், "ஒண்ணுமே இல்லை சார், பத்து நிமிஷம், குழந்தைகூட ஏறிடும்" என்றுதான் சொல்லி அழைத்துச் செல்வார். முதல் திருப்பத்தில் அவர் கைக்குட்டையை எடுக்கிறார். உடனே அந்தப் படிகளைப் பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டுவித்த அர்மீனிய வணிகர் பெத்ரூஸ் உஸ்கான் வந்துவிடுகிறார். அடுத்த நிழலில் நில அளவையாளர் லாம்டன் வருகிறார். இந்தியாவை முக்கோணங்களாக அளந்த மாபெரும் நில அளவைக்கு இம்மலையருகே 1802இல் அடிக்கோடு இடப்பட்டது என்பதும், அடிக்கோடு என்பது மற்ற எல்லா அளவுக்கும் ஆதாரமாக முதலில் தரையில் சங்கிலி போட்டு அளக்கப்படும் நேர்கோடு என்பதும், பன்னிரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள அக்கோட்டை அளக்க 57 நாள் ஆயிற்று என்பதும் அங்கே விளக்கப்படும். அவசரம் அறிவுக்கு ஆகாது என்னும் முடிவுரையை அவர் உட்கார்ந்தபடியே வழங்குவார். ஐந்து வயதுப் பேரன் அதற்குள் இருமுறை உச்சிக்குப் போய்த் திரும்பியிருப்பான்.

சர்க்கரை நோயாளிகளுக்கும் இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களுக்கும் அவர் பல்லாவரத்தைப் பரிந்துரைக்கிறார். அங்கும் மலையை அன்று, மலையடியிலுள்ள சமதரையை. 1863 மே மாதம் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது சமதரையில்தான் என்பதை அவர் மருத்துவச் சான்று போல முன்வைப்பார். கொல்கத்தாவிலுள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இப்பகுதிப் பாறை என்பதும், அதனால் அந்தப் பாறைவகைக்குச் சார்னோகைட் என்று பெயர் வந்ததும் கூடுதல் ஓய்வு தேவைப்படும் நாள்களுக்கென ஒதுக்கிவைக்கப்பட்டவை. வண்டலூர் உயிரியல் பூங்காவின் நடைபாதையை அவர் முற்றிலும் எளிது என்னும் தரத்தில் சேர்ப்பார். செவ்வாய்க்கிழமை அங்கு விடுமுறை என்பது அவருக்கு மிகவும் பிடித்த அம்சம்.

படிக்கணக்கரின் முழு ஆளுமையையும் காண விரும்புவோர் திருநீர்மலைக்கு விடியற்காலையில் செல்லவேண்டும். நூற்றெட்டு திவ்வியதேசங்களுள் ஒன்றான அத்தலத்தில் பெருமாள் நான்கு திருக்கோலங்களில் எழுந்தருளியிருக்கிறார்: அடிவாரத்தில் நீர்வண்ணராக நின்றும், மலைமேல் நரசிம்மராக இருந்தும், அரங்கநாதராகக் கிடந்தும், உலகளந்தவராக நடந்தும் அருள்கிறார். படிக்கணக்கரின் நடைக்குழுவும் இதே வரிசையை வழுவாமல் பின்பற்றுகிறது. அடிவாரத்தில் எல்லோரும் வரும் வரை நிற்கிறது. பாதிப் படியில் உட்கார்கிறது. மேலே மண்டபத்துக் குளிர்ந்த கல்லில் துண்டை விரித்துக் கிடக்கிறது. இட்லிக்கடை திறக்கும் நேரம் நெருங்கியதும் எவரும் எதிர்பாராத வேகத்தில் நடக்கிறது. இறங்கும்போது அவர் மணிக்கட்டிலுள்ள மின்னணுக் கருவி அன்றைய இலக்கில் பாதியைக்கூட எட்டியிருக்காது என்றாலும், சட்னிக்காகக் கையை நீட்டி மடக்குவதையும் அக்கருவி நடையாகவே எண்ணிக்கொள்வதால் கணக்கு ஒருவாறு நேராகிவிடும்.

கடினம் என்னும் தரத்தில் அவர் வைத்திருப்பது திருக்கழுக்குன்றம். 565 படிகள் என்று ஒன்றுகூடப் பிசகாமல் சொல்லும் அவர், அவற்றுள் எத்தனையை ஏறினார் என்பதை மட்டும் சொல்வதில்லை. நெடுங்காலம் நண்பகல்தோறும் உணவுக்கு வந்துகொண்டிருந்த கழுகுகள் பிற்காலத்தில் வராமல் நின்றுபோயின. பறக்கத் தெரிந்த கழுகே வருவதை நிறுத்திவிட்ட உயரத்துக்கு மனிதன் ஏன் சிரமப்படவேண்டும் என்பது அடிவாரத் தேநீர்க்கடையில் அவர் எழுப்பும் கேள்வி. இதற்கு இதுவரை தக்க விடை கிடைத்ததாகத் தெரியவில்லை.

இவ்வளவுக்கும் அவரைப் போலி என்று ஒதுக்குவது நியாயமாகாது. அவர் சொல்லும் ஆண்டுகள் சரியானவை. அவர் பேச்சில் மயங்கி நின்றவர்களுள் எவருக்கும் மயக்கம் வந்ததில்லை. நெஞ்சுவலியோடு ஏறத் துணிந்தவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, சார்னாக்கின் கல்லறை வரை கொண்டுபோய், பத்திரமாகக் கீழே இறக்கிவிடும் திறமை வழிகாட்டிப் பலகைகளுக்குக் கிடையாது.

பரங்கிமலை உச்சி வரை கார் செல்லும் சாலை ஒன்று உண்டு. மேலே மாதாகோயில் வாசலில், வியர்வைத் துளி ஏதுமின்றி, விமானம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு அவர் நிற்கக் காண்போர், எந்த வழியாக வந்தார் என்று அவரிடம் கேட்காமலிருப்பது நல்லது.