நாற்காலி கேட்டால் வேலை போகுமா?

கேள்வி: தி.நகர் ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை. நாள் முழுக்க நின்று கால் வீங்குகிறது. உட்கார இடம் கேட்டால், "நாளையிலிருந்து வராதே" என்பார்களோ என்று பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: புடவை பார்க்க வருகிறவருக்கு ஸ்டூல் போடுகிறார்கள், பிரித்து, மடித்து, அடுக்கும் உங்களுக்குத் தூணில் சாயக்கூட அனுமதியில்லை! 2021 செப்டம்பரிலேயே நம் சட்டமன்றம் கடைகள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, ஊழியர் எல்லாருக்கும் இருக்கை கட்டாயம் என்று சொல்லிவிட்டது. கேரளம் 2018-லேயே செய்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைப்பெண்கள் சேர்ந்து நின்றதால்தான் அங்கே உட்கார முடிந்தது.

உங்கள் பயம் நியாயமானது. தங்குமிடமும் சாப்பாடும் கடையுடையது என்றால், வேலையோடு கூரையும் போகும். அதனால் தனியாகக் கேட்காதீர்கள். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, பி.எஃப். எண் எல்லாவற்றையும் முதலில் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வேலை பார்த்ததற்குச் சான்று இல்லாதவரை, "யாரென்றே தெரியாது" என்று சொல்வது முதலாளிக்கு ரொம்பச் சுலபம். பிறகு நாலைந்து பேராகக் கையெழுத்துப் போட்டு, தொழிலாளர் துறையில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தொழிற்சங்கம் மூலம் கொடுத்தால் இன்னும் நல்லது, தனி ஆளைக் குறிவைக்க முடியாது.

ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமில்லாமல் நீக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 41-வது பிரிவு. மீறினால் மேல்முறையீடு செய்யலாம். நாற்காலி கேட்டது எந்த ஊரிலும் நியாயமான காரணம் ஆகாது.