ஒன்று போதும், மூன்று வேண்டும்!

கேள்வி: சீனப் பொருளாதாரம் இப்படியே வளர்ந்துகொண்டே போகுமா?

பதில்: வளரும், ஆனால் பழைய 10 சதவிகித வேகம் திரும்பாது. 1978-ல் சீனத் தலைவர் டெங் சியோபிங் வெளிநாட்டு வர்த்தகத்துக்குக் கதவைத் திறந்தார், 2001-ல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தார்கள், அப்புறம் நம் எல்லோர் வீட்டிலும் சீனச் சாமான்தான். இன்று மின்சாரக் கார், பேட்டரி, சூரியத் தகடு மூன்றிலும் அவர்கள் ராஜ்ஜியம். வம்பெல்லாம் உள்ளூரில். மக்கள் சேமிப்பையெல்லாம் அடுக்குமாடிகளில் கொட்டினார்கள். 2021-ல் எவர்கிராண்டே என்ற கட்டுமான நிறுவனம் கடன் கட்ட முடியாமல் கவிழ்ந்தது. குடியேற ஆளும் குறைகிறது. ஒரு குழந்தை போதும் என்று 35 வருடம் அதட்டிய அரசு, இப்போது மூன்று பெற்றுக்கொள்ளச் சொல்கிறது. யாரும் அசைவதாக இல்லை! இருக்கும் இளைஞர்களுக்கே வேலை கிடைப்பது கஷ்டம்: 2023 ஜூனில் நகர்ப்புற இளைஞர்களின் வேலையின்மை 21.3 சதவிகிதத்தைத் தொட்டது. அரசு சும்மா இருக்குமா? அந்தப் புள்ளிவிவரத்தை வெளியிடுவதையே சில மாதங்கள் நிறுத்திவிட்டது!